இரண்டு சிவப்புத் தகடுகள்

காங்கிரீட் லாரி பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி வந்து மரப்பலகையின் மேல் பூட்ஸ் காலால் இரண்டு மிதி மிதித்தான். குனிந்து அடியில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தான். திரும்பிப் போய் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"வராது," என்றான் ஜன்னல் வழியாக.

ரொவீனா கோகர் கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். வேலைக்கு வரும் ஆட்களுக்காக விடிகாலையிலிருந்து பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தவள், அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"எது வராது?"

"வண்டி வராதும்மா. இது முப்பது டன். உங்க பாலம் கோழி நடந்தாலே ஆடும்."

"ஒன்பது வருசமா நாங்க இதுலதான போறோம், வர்றோம்!"

"நீங்க போவீங்க. நான் போனா நேரா ஓடைக்குத்தான் போவேன்."

"அப்ப காங்கிரீட்டு?"

"இன்னும் ஒன்றரை மணி நேரம் தாங்கும். அதுக்குள்ள எங்கயாவது கொட்டலைன்னா டிரம்முக்குள்ளயே கல்லாயிடும். நான் திருப்பிட்டுப் போறேன்."

"திருப்பித்தான் பாரேன்," என்று சொல்லிவிட்டு ரொவீனா லாரிக்குப் பின்னால் போய்ச் சாலை நடுவில் நின்றாள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடம் முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்தவள் அவள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தான். என்ஜினை அணைத்தான்.

அவள் அப்படி நின்றதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஓடைக்கு அக்கரையில் மலையோரமாக நிற்கிற அந்த வீடு தொழிற்சாலையில் இரண்டு பாதியாகச் செய்யப்பட்டது. ஒவ்வொரு பாதியையும் சக்கரத்தின் மேல் வைத்து இழுத்துவந்து, நடுவில் ஒட்டவைத்து நிறுத்தியது. பியர்வாலோ ஓடைப் பக்கம் பாதிப் பேருக்கு அப்படிப்பட்ட வீடுதான், அதில் குறைச்சல் ஒன்றும் கிடையாது. ரொவீனாவும் அவள் புருஷன் ஓக்கியும் அதில் ஒன்பது வருடமாக வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரரான கிழவர் குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தார். கொலம்பஸில் இருக்கும் அவர் மகள் கடிதம் போட்டாள். நிலத்தோடு வீட்டையும் விற்கப்போகிறேன், முதல் உரிமை உங்களுக்குத்தான், ஆனால் ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் பத்திரம் முடிய வேண்டும் என்று எழுதியிருந்தாள். தவறினால் ஒஹையோவிலிருந்து ஒரு ஆள் ரொக்கத்தோடு காத்திருக்கிறார். அவருக்கு மான் வேட்டைக்கு நிலம் போதும். வீட்டை இழுத்துத் தள்ளிவிட்டு மரக்குடில் கட்டிக்கொள்வார்.

வங்கி கடன் கொடுக்கத் தயார்தான். ஆனால் வண்டிக்குக் கொடுக்காதாம், வீட்டுக்குத்தான் கொடுக்குமாம். மண்மேல் சும்மா அடுக்கிய ஹாலோ பிளாக்கில் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அது அவர்கள் கணக்கில் நிறுத்திவைத்த வண்டி. பனி உறையும் ஆழத்துக்குக் கீழே தோண்டிக் காங்கிரீட் போட வேண்டும். அதில் வீட்டின் இரும்பு அடிச்சட்டத்தைப் பட்டை போட்டுக் கட்ட வேண்டும். சக்கரம், அச்சு, இழுவைக் கொக்கி மூன்றும் போக வேண்டும். சுற்றிலும் சுவர் எழும்ப வேண்டும். எல்லாம் சரி, இது நிரந்தர அஸ்திவாரம்தான் என்று ஒரு என்ஜினியர் கையெழுத்துப் போட வேண்டும். ஓக்கி மரமில்லில் லீவு போட்டு இரண்டு வாரமாகத் தோண்டியிருந்தான். வீட்டைச் சுற்றி இடுப்பளவு வாய்க்கால் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. மழை பெய்தால் அவ்வளவு மண்ணும் மறுபடி உள்ளே.

அந்த நேரத்தில் ஓக்கியின் அக்கா ட்ரீவா தன் பிக்கப்பில் வந்து இறங்கினாள். ரோடு இலாகாவில், பனி உருக உப்புத் தூவுகிற லாரியை ஓட்டுகிறவள். எதையும் ஒருதரம் பார்த்தாலே அவளுக்குப் போதும்.

"டேய் ஓக்கி! பாலத்த அளந்தியாடா?"

"வாய்க்கால அளந்தேன்."

"வாய்க்காலுக்குக் காங்கிரீட்டு வானத்துலேருந்தா வரும்? அம்மா உன்னப் பெத்தப்பவே சொன்னாங்க, இவன் தலைய யாரோ அவசரத்துல மாட்டிட்டாங்கன்னு."

"சண்டைய அப்புறம் போடுங்க," என்றாள் ரொவீனா. "டெல்மர் டிராக்டர் ஓடுதா?"

டெல்மர் மூன்றாவது வீடு. அவன் டிராக்டருக்கு முன்னால் சாணி அள்ளுகிற பெரிய வாளி உண்டு. பத்தே நிமிடத்தில் அது புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது. அதன் பின்னால் தள்ளுவண்டிகள் வந்தன. மேட்டுச் சர்ச்சிலிருந்து நான்கு பேர், ரொவீனாவோடு சமையலறையில் வேலை செய்கிற இரண்டு பெண்கள், ஓடையில் மீன்பிடிக்க வந்த, யார் என்றே தெரியாத ஒருவர். லாரி பின்பக்கமாகப் பாலத்தின் வாய் வரைக்கும் வந்து சரிவுத் தகரத்தை இறக்கியது. சாம்பல் நிறக் குழம்பு வாளியில் விழுந்தது. டெல்மர் பாலத்தின் மேல் ஊர்ந்து போனான், வந்தான், போனான். தள்ளுவண்டிகள் இடையிடையே நுழைந்து ஓடின.

"ஏ, வழி விடு, வழி விடு!"

"சக்கரத்துல காத்து இல்லடா இதுல!"

"உன் வாயிலதான் நிறைய இருக்கே, ஊதிக்க!"

டிரைவர் பத்து நிமிடம் வேடிக்கை பார்த்தான். அப்புறம் கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். கடைசி வண்டி வாய்க்காலில் கவிழ்ந்தபோது முதல் தூறல் விழுந்தது. தார்ப்பாய், பழைய குளியலறைத் திரை, டெல்மர் வீட்டுத் தரைவிரிப்பு என்று கிடைத்ததையெல்லாம் போட்டு மூடினார்கள். பிறகு எல்லாரும் சமையலறைக்குள் நெருக்கியடித்து நின்று பீன்ஸும் மக்காச்சோள ரொட்டியும், பன்றிக் கொழுப்பில் வதக்கிய காட்டுப் பூண்டும் தின்றார்கள். ஏப்ரலில் எங்கள் மலையில் அந்தப் பூண்டைத் தின்னாதவன் கிடையாது. அந்த நாற்றத்தில் தின்றவன் பக்கத்தில் தின்னாதவன் உட்கார முடியாது. டிரைவர் மூன்று தட்டு தின்றான்.

"எங்க வீட்டுக்காரி இன்னைக்கு என்னைய வராண்டாவுலதான் படுக்க வைப்பா," என்றான் சந்தோஷமாக.

அதன் பின் மூன்று வாரம் ஓட்டமாக ஓடியது. ஓக்கி மில்லிலிருந்து வந்ததும் மண்வெட்டியைத் தூக்கினான். ஹாலோ பிளாக் சுவர் வரிசை வரிசையாக ஏறியது. இரும்புப் பட்டைகள் கட்டப்பட்டன. கொக்கியை டெல்மர் கேஸ் கட்டரால் அறுத்தெடுத்தான். அச்சுகளை ட்ரீவா தன் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். ரொவீனா தினமும் வேலைக்குப் போகும்போது பாலத்தில் நின்று ஒருதரம் திரும்பிப் பார்ப்பாள். வரும்போதும் முதலில் பார்ப்பது வீட்டைத்தான். பார்த்துவிட்டுத்தான் அவளுக்கு மூச்சு சீராக வரும்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என்ஜினியர் வந்தாள். கார்லா ஸ்டட்லர், ஐம்பது வயதுக்காரி, நெற்றியில் விளக்கு, முழங்காலில் பட்டை. சிரிப்பு என்பது அவள் பெட்டியில் இல்லாத சாமான். வணக்கம் சொன்ன கையோடு சுவரிலிருந்த சின்னக் கதவைத் திறந்து வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போய்விட்டாள். ரொவீனா கூடத்தில் நின்றாள். தரைக்குக் கீழே டொக் டொக் என்று சத்தம் சமையலறையிலிருந்து படுக்கையறைக்கு நகர்ந்தது. ரொவீனாவும் மேலே கூடவே நகர்ந்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து முகமெல்லாம் தூசியாக என்ஜினியர் வெளியே வந்தாள்.

"காங்கிரீட் ஆழம் சரி. பட்டை சரி. சுவர் சரி. காத்துப் போற வழி சரி. கொக்கி, அச்சு இல்ல, நல்லது. நல்ல வேலை செஞ்சிருக்கீங்க."

ஓக்கிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பார்க்க வந்திருந்த ட்ரீவா அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

"இனிமே அந்த ரெண்டு சிவப்புத் தகட்டையும் போட்டோ எடுத்துட்டா முடிஞ்சுது. எந்தப் பக்கம் இருக்கு?"

இந்த மாதிரி வீடுகளின் பின்பக்க மூலையில், பாதிக்கு ஒன்றாக, விரல் நீளத்துக்குச் சிவப்பு உலோகத் தகடு அறைந்திருக்கும். அதில் ஒரு எண் இருக்கும். அரசாங்க விதிப்படி கட்டின வீடு என்பதற்கு அதுதான் சாட்சி. ரொவீனா என்ஜினியரைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனாள். சுவர் வெள்ளை வெளேர் என்று இருந்தது. தகடு இல்லை. இன்னொரு மூலைக்கு ஓடினாள். அங்கேயும் இல்லை.

"ஓக்கி!"

ஓக்கி நிதானமாக வந்தான். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"அது நேத்தே முடிஞ்சிருச்சு மேடம். கழட்டி ஒப்படைச்சிட்டேன்."

"யார்கிட்ட?"

"வண்டிப் பதிவு ஆபீஸ்லதான். கொலம்பஸ் அம்மா கையெழுத்துப் போட்டு அனுப்பின வீட்டு உரிமைத் தாள ஒப்படைச்சு ரசீது வாங்கிட்டு வரச் சொன்னாங்கல்ல வங்கியில? இனிமே இது வண்டி இல்லன்னு? வண்டிய ஒழிச்சா நம்பர் பிளேட்டையும் கழட்டிக் குடுக்கறதுதான முறை? ரிவிட்ட நெம்பி எடுத்து, ஓட்டையில பட்டி வச்சு, பெயின்டும் அடிச்சிட்டேன். தொட்டுப் பாருங்க, தெரியவே தெரியாது."

ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. எங்கள் மாநிலத்தில் இந்த வீட்டுக்கும் காருக்கும் ஒரே ஆபீஸில்தான் தாள் கொடுக்கிறார்கள். அதனால் ஓக்கி நினைத்ததில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது.

"அது நம்பர் பிளேட் இல்ல," என்றாள் என்ஜினியர். "அது இல்லாம என் அறிக்கைய வங்கி தொடாது."

"வேற வழி?"

"எழுதிப் போட்டா அதுக்குப் பதிலா ஒரு சான்றுக் கடிதம் வரும். பத்து நாள் ஆகும்."

"நாளைக்கு ரெண்டு மணிக்குப் பத்திரம்!"

என்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "எனக்கு அடுத்த மலையில இன்னொரு வீடு இருக்கு. நாலு மணிக்கு இந்த வழியாத்தான் திரும்புவேன். அதுக்குள்ள கொண்டு வந்தா பாக்கலாம். இல்லன்னா தகடு இல்லன்னு எழுதுவேன். பொய் எழுத மாட்டேன்."

ஆபீஸுக்குப் போன் செய்தால் இனிமையான ஒரு குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று திரும்பத் திரும்பச் சொன்னது. அவ்வளவு முக்கியம் என்றால் எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே! ரொவீனா ரிசீவரை வைத்த வேகத்தில் வெளியே வந்தாள். ட்ரீவா ஏற்கெனவே பிக்கப்பைக் கிளப்பியிருந்தாள்.

நாற்பது மைல் மலை ரோடு. மழை பிடித்துக்கொண்டது. பனிக்காலத்தில் உப்புத் தூவி ஒவ்வொரு வளைவையும் மனப்பாடம் செய்தவள் ட்ரீவா. வளைவுகள் வரும் முன்பே வண்டியைச் சாய்த்தாள். மூன்று பேரும் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓக்கி.

"எந்த ஆள்கிட்டடா குடுத்த?"

"ஆள்கிட்ட இல்ல. கதவுகிட்ட பழைய பிளேட் போடற பெட்டி இருக்கு. அதுல போட்டேன்."

"பெட்டியிலயா! ரசீது வாங்கலையா?"

"தாளுக்கு வாங்கினேன். பிளேட்டுக்கு யாரு ரசீது குடுப்பா?"

"ரோ, கதவத் தொற. இவன இங்கயே தள்ளிவிட்டுட்டுப் போவோம்."

ஓக்கி ரொவீனாவின் கையைத் தொட்டான். அவள் இழுத்துக்கொண்டாள்.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் பண்ணேன், ரோ."

"தெரியும். அதனாலதான் உன்னத் திட்டக்கூட முடியல. பேசாம வா."

ஆபீஸ் வாசலில் இறங்கும்போது மணி பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம். உள்ளே நாற்காலிகள் நிறைய ஆட்கள். கதவோரம் அந்தப் பெட்டி. ரொவீனா அதன் வாய்க்குள் கையை விட்டாள். முழங்கை வரை போனது. உள்ளே ஒன்றும் தட்டுப்படவில்லை.

"டோக்கன் எடுத்துக்க, கண்ணு," என்றாள் கவுண்ட்டரில் இருந்தவள், தலை நிமிராமல். கழுத்தில் மணிக்கயிறு போட்ட கண்ணாடி.

"டோக்கனுக்கு நேரம் இல்லம்மா, இந்தப் பெட்டியில நேத்து எங்க வீட்டப் போட்டுட்டாரு எங்க வீட்டுக்காரரு!"

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ரொவீனா மூச்சு விடாமல் சொன்னாள். காங்கிரீட், கொக்கி, சிவப்புத் தகடு, நாளைக்கு ரெண்டு மணி, ஒஹையோக்காரன், எல்லாம். ஓக்கி தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். பள்ளிக்கூடச் சமையலறைக் குரல் அது, கடைசி வரிசை வரை கேட்டது.

"அட, இவரு செஞ்சது சரிதானப்பா," என்றார் ஓரத்தில் இருந்த ஒரு பெரியவர். "நானும் கழட்டித்தான் குடுத்திருப்பேன்."

"உனக்கு வீடும் இல்ல வண்டியும் இல்ல, நீ எதக் கழட்டுவ?" என்றாள் அவர் பக்கத்தில் இருந்த அம்மாள்.

கையில் டோக்கனோடு கவுண்ட்டர் முன் நின்றிருந்த ஆள் ஒதுங்கினான். "என் டிரக்கு காத்திருக்கும். மொதல்ல இவங்களப் பாரு."

கவுண்ட்டர்க்காரி கண்ணாடியைக் கழற்றினாள். எழுந்தாள். "வியாழன் மத்தியானம் பெட்டியக் காலி பண்ணுவாங்க, கண்ணு. பழைய இரும்பு எடுக்கறவன் இப்பத்தான் பின்வாசல்ல..."

அவள் முடிக்கவில்லை. ட்ரீவா பின்வாசலை நோக்கி ஓடினாள். ஒரு சின்ன லாரி வாசலை விட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. ட்ரீவா மழையில் அதன் முன்னால் போய்க் கையை விரித்து நின்றாள். ரோடு இலாகாவின் ஆரஞ்சுச் சட்டையைப் போட்டிருந்ததால் அவன் சட்டென்று பிரேக் போட்டான்.

"ரோடு மூடியிருக்கா?"

"ஆமா. மூட்டையக் கீழ இறக்கு."

மூன்று மூட்டை. கவுண்ட்டர்க்காரியே வந்து முடிச்சை அவிழ்த்தாள். ஈரத் தரையில் நூற்றுக்கணக்கான நம்பர் பிளேட்டுகள் கலகலவென்று கொட்டின. வெளுத்தது, வளைந்தது, மீன் படம் போட்டது, ஊனமுற்றோர் சக்கர நாற்காலி போட்டது. ஹாலில் இருந்த கூட்டம் பின்னாலேயே வந்துவிட்டது. முட்டி போட்டு உட்கார்ந்து கிளற ஆரம்பித்தார்கள். இது என்னோட பழைய பிளேட்டுடா, என்று ஒருவன் கூவினான். போட்டுட்டுத் தேடு, என்று நாலு பேர் அதட்டினார்கள்.

"சிவப்பு! சிவப்பு!" வரிசையை விட்டுக்கொடுத்த டிரக்குக்காரன் கையைத் தூக்கினான். ஒரு தகடு. ஓக்கி அதை வாங்கி சட்டையில் துடைத்தான்.

"இன்னொண்ணு எங்க?"

இரண்டாவது மூட்டை. இல்லை. மூன்றாவதில் பாதி கிளறியாயிற்று. இல்லை. மழை வலுத்தது.

"ஒண்ணுதான் கெடைச்சுதுன்னா பாதி வீட்டுக்குக் கடன் வாங்கிக்க," என்றார் பெரியவர். "சமையலறைப் பக்கத்தக் கேளு. மத்தது பின்னாடி பாத்துக்கலாம்."

சிரிக்கக் கூடாத நேரத்தில் ரொவீனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, இரண்டாக மடங்கியிருந்த ஒரு லாரி பிளேட்டை எடுத்து ஓரமாக எறியப் போனாள். உள்ளே ஏதோ கடகடத்தது. பிரித்தாள். மடிப்புக்குள் இரண்டாவது தகடு கிடந்தது.

அந்தக் கூட்டம் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பல் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கவுண்ட்டர்க்காரி ரொவீனாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு எல்லாரையும் பார்த்து, "சரி சரி, அவங்கவங்க டோக்கன் அவங்கவங்களுக்கு, உள்ள வாங்க," என்றாள்.

திரும்பி வரும் வழியில் ட்ரீவா பெட்ரோல் பங்கில் நிறுத்தி இறைச்சி அடைத்த பெப்பரோனி ரொட்டி மூன்று வாங்கினாள். ரொவீனா இந்தத் தடவை ஓக்கியின் கையை விலக்கவில்லை. ஒரு கையில் ரொட்டி, இன்னொரு கையில் இரண்டு தகடு. வீட்டுக்கு வந்து ஓக்கி பட்டியைச் சுரண்டி எடுத்துப் பழைய ஓட்டையிலேயே ரிவிட் அடித்து முடித்தபோது மூன்றே முக்கால். விசயம் அதற்குள் ஓடை முழுக்கப் பரவியிருந்தது. டெல்மர், சர்ச்சு ஆட்கள், சமையலறைப் பெண்கள் எல்லாரும் வந்து முற்றத்தில் நின்றார்கள்.

நாலு மணிக்கு என்ஜினியர் வந்தாள். தகடுகளைப் பார்த்தாள். போட்டோ எடுத்தாள். முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை.

"கழட்டி மறுபடி மாட்டினதுன்னுதான் எழுதுவேன். அதனால இது இந்த வீட்டோட தகடுதான்னு நிரூபணம் வேணும். சிங்க்குக்கு அடியில ஒட்டின தாள் இருக்குல்ல?"

இருந்தது. தொழிற்சாலையில் ஒட்டியது, மஞ்சளாகி ஓரம் சுருண்டு. அதில் தகடுகளின் எண் இருந்தது, ஒத்துப்போயிற்று. கூடவே ஒவ்வொரு பாதிக்கும் ஒரு வரிசை எண்ணும் இருந்தது.

"இந்த வரிசை நம்பர அடிச்சட்டத்துல முன்பக்க இரும்புல குத்தியிருப்பாங்க. துரு பிடிச்சிருக்கும். சுரண்டணும். டார்ச் பிடிக்க ஒரு ஆள் வேணும்."

"நான் வர்றேன்," என்று ஓக்கி முன்னால் வந்தான்.

"நீங்க வேண்டாம்," என்றாள் என்ஜினியர். "நீங்க எதையாவது கழட்டிருவீங்க."

ரொவீனா போனாள். ஒன்பது வருடத்தில் தன் வீட்டுக்கு அடியில் அவள் போனது அதுதான் முதல் தடவை. பிளாஸ்டிக் விரித்த தரையில் மல்லாந்து நகர்ந்தாள். மூக்குக்கு ஒரு அடி மேலே வீடு. இரண்டு பக்கமும் இரும்புப் பட்டைகள் விறைப்பாகக் காங்கிரீட்டுக்கு இறங்கியிருந்தன. ஊரே தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டிய காங்கிரீட். என்ஜினியர் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள். துரு முகத்தில் கொட்டியது. ஒரு எழுத்து தெரிந்தது. அப்புறம் ஒரு எண்.

"வாசிங்க."

ரொவீனா பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டுவந்த தாளிலிருந்து ஒவ்வொன்றாக வாசித்தாள். என்ஜினியர் இரும்பைத் தடவித் தடவி ம் ம் என்றாள். கடைசி எண் வரைக்கும் ம் என்றாள். அடுத்த பாதிக்கு நகர்ந்தார்கள். அங்கேயும் கடைசி வரைக்கும் ம்.

"சரியா இருக்கு." என்ஜினியர் படுத்தபடியே அட்டையில் எழுத ஆரம்பித்தாள். "ஒண்ணு கேக்கணும். சில பேர் பின்னாடி வருத்தப்படறாங்க. நான் கையெழுத்துப் போட்டா இத இனிமே இழுத்துட்டுப் போக முடியாது. வேலை மாறுனா, ஊரு மாறுனா, வீடு இங்கயேதான். தெரியும்ல?"

ரொவீனா டார்ச்சை மேலே திருப்பினாள்.

"அப்ப எனக்கு ஒம்பது வயசு மேடம். ஸ்கூல் பஸ்ஸு எங்க திருப்பத்துல நின்னுது. எறங்கினேன். வீடு இல்ல."

என்ஜினியரின் பேனா நின்றது.

"தவணை கட்டலன்னு காலையில வந்து இழுத்துட்டுப் போயிட்டாங்க. நாலு பிளாக் இருந்துச்சு. படிக்கட்டு இருந்துச்சு, எங்கயும் போகாத படிக்கட்டு. அதுல எங்கம்மா மடியில இஸ்திரிப் பெட்டிய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. பஸ்ஸுக்குள்ள அத்தன பிள்ளைங்களும் கண்ணாடியில மூக்க வச்சுப் பாத்துச்சுங்க. டிரைவரு பாவம், என்ன பண்றதுன்னு தெரியாம ஹாரன் அடிச்சிட்டுப் போயிட்டாரு." அவள் மூச்சு வாங்கினாள். "இன்னைக்கு வரைக்கும் வேலையிலேருந்து வந்தா மொதல்ல வீடு இருக்கான்னுதான் பாப்பேன். ஓக்கிக்குக்கூடத் தெரியாது. சொன்னதில்ல."

வெளியே ஓக்கி பொறுக்காமல் சின்னக் கதவில் தலையை விட்டான். "ரோ! என்ன ஆச்சு? ஒத்துப்போச்சா?"

என்ஜினியர் கடைசி வரியை எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். நெற்றி விளக்கைத் திருப்பி அட்டையை ரொவீனாவுக்குக் காட்டினாள்.

"பொடி எழுத்து மேடம், கண்ணாடி கொண்டு வரல. நீங்களே படிங்க."

"இந்த வீடு நிலத்தோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. இதை இடம்பெயர்க்க இயலாது."

"இன்னொருதரம்."

என்ஜினியர் இன்னொருதரம் படித்தாள்.

"சத்தமாப் படிங்க மேடம். வெளிய நிக்கறவங்களுக்குக் கேக்கணும்."

அந்தச் சிரிக்காத மனுஷி, வீட்டுக்கு அடியில் துருவும் தூசியுமாக மல்லாந்து கிடந்தபடி, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, மலைக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"இதை இடம்பெயர்க்க இயலாது!"

முற்றத்தில் நின்றவர்கள் போட்ட கூச்சல் தரை வழியாக வந்து ரொவீனாவின் முதுகில் அதிர்ந்தது. மல்லாந்து படுத்துக்கொண்டு அழுதால் கண்ணீர் காதுக்குள்தான் போகும். அவளுக்கு இரண்டு காதும் நிறைந்தது, அவள் துடைக்கவில்லை.